துணைக்கு வருபவர் ஒருவர் மட்டும்

ஜூன் 4

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சௌக்கியத்தை யாரும் விசாரிக்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், சௌக்கியம்தான்.

நாம் இருவரும் இனிமேல் போனில் பேசிக்கொள்ளக் கூடாது என்று பாப்பு கறாராகச் சொல்லிவிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசுறதைக் கேட்டா எனக்குக் கீமோவே தேவலைன்னு தோணுதும்மா. எதுவா இருந்தாலும் எழுதிக்கோங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன். பள்ளிச் சீருடை தைக்கிற நேரம் இது, தலைக்கு மேல் வேலை. மிஷினை நிறுத்திவிட்டு எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

என் பெண்ணுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்ததும் முதல் வண்டியைப் பிடித்து ஓடி வந்தவள் நான். உங்கள் ஊர்ப் புற்றுநோய் மையத்தில் நோயாளிக்குத் துணையாக ஒருவர்தான் உள்ளே வரலாம் என்றார்கள். முதல் கீமோவுக்கு நான்தான் போனேன். ஊசி ஏறும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. பெற்றவளுக்கு வராமல் வேறு யாருக்கு வரும்? கொஞ்சம் சத்தமாகவே அழுதுவிட்டேன். மறுநாளே, "நீ ஊருக்குப் போம்மா, அத்தை பார்த்துப்பாங்க" என்று என்னை வண்டியேற்றிவிட்டாள். அதைச் சொன்னது அவளா, சொல்ல வைத்தது வேறு யாராவதா என்று நான் கேட்கப் போவதில்லை.

தலைக்குப் போட்டுக்கொள்ளப் பருத்தித் துணியில் தொப்பிகள் தைத்து அனுப்பியிருந்தேன். தையல் உள்ளே உறுத்தாமல் இருக்க மடித்து அடித்திருக்கிறேன். வந்து சேர்ந்ததா என்று ஒரு வார்த்தை எழுதினால் குறைந்து போய்விட மாட்டீர்கள்.

இப்படிக்கு,
பாப்புவைப் பெற்றவள்

*

ஜூன் 12

சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம்.

பஸ்ஸில் டிக்கெட் கிழித்தே காலம் தள்ளியவள் நான். கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

உங்களை நான் ஊருக்கு அனுப்பவில்லை. நீங்கள் அழுத அழுகையில் பக்கத்துப் படுக்கைக்காரர் தனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து மணியை அடித்தார். அவருக்கு நர்ஸ் ரத்தக் கொதிப்பு பார்க்க வேண்டியதாகிவிட்டது. அதை நீங்கள் எழுத மறந்துவிட்டீர்கள்.

பாப்பு நன்றாக இருக்கிறாள். கீமோ ஏறிய அன்று ஒன்றும் தெரிவதில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் வாந்தியும் வாய்ப்புண்ணும் வருகிறது. நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, "உள்ளே போங்க, உள்ளே போங்க, வழியில நிக்காதீங்க" என்று பஸ்ஸில் கத்துகிற மாதிரி சாப்பாட்டைப் பார்த்துக் கத்துவேன். சிரித்துவிடுவாள். மையத்தில் எல்லாம் ஒரே கட்டடத்தில் இருக்கிறது. ஸ்கேன், கீமோ, கதிர் சிகிச்சை, என்ன சாப்பிடலாம் என்று சொல்ல ஓர் அம்மா, மனசு விட்டுப் பேச ஓர் அம்மா. புதன்கிழமை நோயாளிகளையும் துணைக்கு வந்தவர்களையும் வட்டமாக உட்கார வைத்துப் பேசச் சொல்கிறார்கள். அந்தக் கூட்டத்தை இப்போது நான்தான் நடத்துகிறேன். யாரும் நடத்தச் சொல்லவில்லை, தானாக அப்படி ஆகிவிட்டது.

தொப்பிகள் வந்தன. அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் மையத்தில் ஒன்று இலவசமாகக் கொடுத்தார்கள். பாப்பு அதைக் கழற்றவே மாட்டேன் என்கிறாள். உங்களுடையது வீணாகக் கூடாதே என்று காலையில் நடக்கப் போகும்போது நான் போட்டுக்கொள்கிறேன்.

மகன் லாரியோடு போனால் வாரம் முழுக்க வருவதில்லை. அதனால் எல்லாம் என் தலையில்தான். அதற்காகக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

உங்கள் சம்பந்தி

*

ஜூன் 27

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம் என்று எழுதக்கூடக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

முதலில், "பாப்பு" என்பது எங்கள் வீட்டுப் பெயர். அவள் தொட்டிலில் கிடந்தபோது நான் வைத்தது. உங்கள் வீட்டில் இத்தனை வருஷமும் அவளை "மருமகளே" என்றுதான் கூப்பிட்டீர்கள். இப்போது எங்கிருந்து வந்தது இந்தப் பாப்பு?

இரண்டாவதுதான் பெரிது. திங்கட்கிழமை நானே மையத்துக்குப் போன் செய்தேன். என் பெண்ணுக்கு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கக் கூடாதா? போனை எடுத்த பெண் என்ன சொன்னாள் தெரியுமா? "அவங்க அம்மா இங்கதானே இருக்காங்க, இப்பதான் டீ குடிச்சுட்டுப் போனாங்க. நீங்க யாருங்க?" என்றாள்.

நீங்க யாருங்க! பத்து மாதம் சுமந்தவளைப் பார்த்து! கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டேன். நான் அம்மா என்றேன். "அப்படில்லாம் சொல்லாதீங்கம்மா, துணைக்கு வர்றவங்க பாஸ்லயே 'தாய்'னு போட்டிருக்கு" என்று போனை வைத்துவிட்டாள். கழுத்தில் தாய் என்று அட்டை மாட்டிக்கொண்டு அந்தக் கட்டடம் முழுக்க நடக்கிறீர்களா நீங்கள்?

வயிறு எரிகிறது எனக்கு. மறைத்து என்ன பிரயோஜனம். அவள் வாந்தி எடுக்கும் கிண்ணத்தைப் பிடிக்கிற பாக்கியம்கூட எனக்கு இல்லை என்று ஆக்கிவிட்டீர்கள். பெயரையாவது விட்டுவைத்திருக்கலாம்.

பாப்புவைப் பெற்றவள் (நான் மட்டும்தான்)

*

ஜூலை 5

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பாட்டைப் பார்த்துக் கத்தவே இல்லை. பாப்பு, "அத்தைக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. நீங்கள் ஊருக்குப் போன மறுநாள் பாஸ் மாற்றக் கூட்டமான நேரத்தில் போய் நின்றேன். கவுண்ட்டரில் இருந்தவள் நிமிர்ந்தே பார்க்காமல், "அம்மாவா?" என்றாள். பின்னால் பெரிய வரிசை. "ஆமா" என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் வாய்க்கு இதமாக இருந்தது. எனக்கு இருப்பது ஒரே பிள்ளை, அதுவும் பையன். யாரும் என்னை ஒரு பெண்ணுக்கு அம்மா என்று சொன்னதில்லை. மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டேன். நர்ஸுகள் எல்லாம், "அம்மான்னா இப்படி இருக்கணும், மூஞ்சியச் சுளிக்காம" என்றார்கள். விட மனசு வரவில்லை.

ஆனால் பேருக்கு அம்மாவாக இருந்துவிட்டுப் பொறுப்பை விட்டேன் என்று நீங்கள் சொல்ல முடியாது. பாப்பு ஸ்கேனுக்குள் இருந்தபோது ஒரு நர்ஸ் என்னைத் தனியாக உட்கார வைத்து, தாய்வழியில் யாருக்காவது இந்த நோய் உண்டா என்று துருவித் துருவிக் கேட்டாள். என் அக்கா, தங்கை, அம்மா எல்லாரையும் விவரமாகச் சொன்னேன். ஒருத்திக்கும் தலைவலிகூடக் கிடையாது. பாப்புவும் பிறகு, "ஆமாம், எங்க பக்கத்துல யாருக்கும் இல்லை" என்றாளாம். டாக்டருக்குத் திருப்தி. செப்டம்பரில் ஆபரேஷன். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார்.

உங்கள் சம்பந்தி

*

ஜூலை 9

சம்பந்தி அம்மா,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். போன் செய்யலாம் என்று எண்ணைப் போட்டேன். உங்கள் போனை எப்போதும் பாப்புதான் எடுக்கிறாள். அவள் "அம்மா" என்றதும், சும்மாதான் கூப்பிட்டேன் என்று வைத்துவிட்டேன்.

நீங்கள் சொன்னது யாருடைய அக்கா, யாருடைய தங்கை? உங்களுடையவர்கள் நன்றாக இருந்தால் என் பெண்ணுக்கு என்ன ஆயிற்று? அவள் உடம்பில் ஓடுவது எங்கள் பக்கத்து ரத்தம் அல்லவா?

எனக்கு ஓர் அக்கா இருந்தாள். பாப்பு தவழும் வயதில் போய்விட்டாள். மார்பில்தான் வந்தது. அப்போது தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு வெளியே போகக் கூடாது என்று அப்பா, விஷக் காய்ச்சல் என்று ஊருக்குச் சொன்னார். அதையே சொல்லிச் சொல்லி எங்களுக்கும் அது காய்ச்சலாகவே ஆகிப்போனது. பாப்புவுக்கும் அப்படித்தான் தெரியும். நான் அங்கே வந்த அன்று என்னையும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்த அழுகையில் என்ன சொல்லியிருப்பேனோ.

உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் அப்படியே இருக்கிறது. அதை அப்புறம் பார்த்துக்கொள்வோம். இப்போது போய் உண்மையைச் சொல்லுங்கள். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு என் பெண் மேல் கத்தி வைத்துவிடப் போகிறார்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

பாப்புவின் அம்மா

*

ஜூலை 16

சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம்.

கூரியர் வந்த கையோடு மையத்துக்குப் போனேன். அந்த நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் அவ அம்மா இல்லம்மா. மாமியார்" என்றேன். வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். உங்கள் அக்கா விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "இவ்வளவு நாள் ஏம்மா சொல்லலை?" என்று கேட்டாள். டிக்கெட் வாங்காமல் வருகிறவர்களை எத்தனை பேர் நடுவில் இறக்கிவிட்டிருக்கிறேன். அன்றைக்கு அவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது.

பாப்புவுக்கு ஏதோ மரபணுப் பரிசோதனை என்று ரத்தம் எடுத்திருக்கிறார்கள். குறை இருந்தால் ஆபரேஷனே மாறுமாம், இரண்டு பக்கமும் எடுக்க வேண்டி வருமாம். தாயின் ரத்தமும் வேண்டும் என்கிறார்கள். உங்கள் ஊரிலேயே கொடுக்கலாம், சீட்டு இதனுடன் இருக்கிறது. என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையை நீட்டினேன். "உங்க ரத்தம் இதுக்கு ஆகாதும்மா" என்றார்கள். தெரிந்துதான் நீட்டினேன். ஆனாலும் வலித்தது.

பாஸை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது "மாமியார்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. புதன்கிழமைக் கூட்டத்தில் எல்லாரும் அதையே பார்க்கிறார்கள். ஒரு கிழவர், "மாமியாரா! அப்ப நடிப்பா எல்லாம்?" என்றார். இன்னும் அவரோடு பேசவில்லை.

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

உங்கள் சம்பந்தி

*

ஆகஸ்ட் 20

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். என் ரிசல்ட் வந்துவிட்டது. பாப்புவின் ரத்தத்தில் கண்டுபிடித்த அதே மரபணுக் குறை என்னிடமும் இருக்கிறதாம். அவளுக்கு இது என்னிடமிருந்துதான் போயிருக்கிறது.

நான் ஜெயித்துவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். பாருங்கள் என் ஜெயத்தை. நீங்க யாருங்க என்று கேட்டார்களே, நான்தான் தாய் என்று இப்போது முத்திரை குத்தியே கொடுத்துவிட்டார்கள். இப்படியா எனக்கு அது நிரூபணமாக வேண்டும்?

உங்கள் மேல் எனக்கு இன்னும் பொறாமைதான். முன்னே, அவள் பக்கத்தில் நீங்கள் இருக்கிறீர்களே என்று எரிந்தேன். இப்போது வேறு மாதிரி எரிகிறது. நீங்கள் அவளுக்குச் சூப் கொடுத்தீர்கள், சிரிப்பு கொடுத்தீர்கள், கிண்ணம் பிடித்தீர்கள். கெட்டதாக ஒன்றும் கொடுக்கவில்லை. நான் கண்ணும் மூக்கும் கொடுத்தேன் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன். கூடவே இதையும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

தனக்கு அந்தக் குறை இருப்பது அவளுக்குத் தெரியும். என்னிடமிருந்து வந்தது என்று தெரியாது. என்னால் சொல்ல முடியாது. நீங்களே சொல்லிவிடுங்கள். உங்களிடம் அவள் மறைக்காமல் பேசுவாள் என்பது எனக்குத் தெரியும், அதை எழுத எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் எடுக்கப் போகிற அந்த ஆபரேஷனுக்கு நான் வரவில்லை. அந்த முகத்தை எந்த முகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பேன்? நீங்களே துணைக்கு இருங்கள்.

பாப்புவின் அம்மா

*

ஆகஸ்ட் 27

சம்பந்தி அம்மாவுக்கு,

பாப்புவிடம் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்க எனக்கு வராது. காலையில் முகம் கழுவிவிட்டு வந்தவளை உட்கார வைத்து, "உங்கம்மாகிட்ட இருந்துதான் உனக்கு வந்திருக்கு" என்றேன்.

துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். ஒன்று எழுதிவிடுகிறேன், திட்டினால் திட்டுங்கள். உங்கள் மேல் அவள் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லட்டும் என்று என் மனசின் ஒரு மூலை காத்துக்கொண்டிருந்தது. சொல்லவில்லை. துண்டை எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி, "அப்படின்னா அம்மாவுக்கும் வரலாம்ல? அம்மாவை யாரு செக் பண்றது அத்தை?"

எனக்கு அது தோன்றவே இல்லை. உங்களுக்கும் தோன்றியிருக்காது. அவளுக்குத்தான் தோன்றியது.

உடனே மையத்துக்கு அவளே போன் போட்டாள். அடுத்த வியாழக்கிழமை உங்களுக்கு மார்புப் பரிசோதனை, அப்புறம் டாக்டர். ஆபரேஷனுக்கு முன்னாடியே அம்மாவைப் பார்த்தாகணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஊரில் உட்கார்ந்து அழுகிற திட்டம் இருந்தால் விட்டுவிடுங்கள். "முகத்தைக் காட்ட முடியாதாமா? தொப்பியில்லாம என் தலையை அவங்க பார்க்கட்டும், யாரு முகம் மோசம்னு தெரியும்" என்றாள்.

போனில் அவர்கள், துணைக்கு வருபவர் யார் என்று கேட்டார்கள். இவள், "நான்" என்றாள். நான் போனைப் பிடுங்கி, "நான்" என்றேன். கீமோ முடிந்து நிற்கவே தெம்பில்லாதவள் துணைக்குப் போகிறாளாம். "எங்கம்மா, அத்தை!" என்று கத்தினாள். "எனக்கும் சம்பந்திடி!" என்று நானும் கத்தினேன். மகன் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டான். காலையிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை.

அங்கே ஒருவருக்குத்தான் இடம் என்பது உங்களுக்குத் தெரியும். பெயர் போடாமல் வைக்கச் சொல்லியிருக்கிறோம். வந்து நீங்களே சொல்லுங்கள். அவளைச் சொன்னால் எனக்கு வயிறு எரியும்.

உங்கள் சம்பந்தி