பாலத்தைத் தாண்டும் வரை

சாந்தோம், சென்னை

அன்பு மகன் ஃபராஸுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அம்மா எழுதுகிறேன். அல்லாஹ் வைத்தபடி இங்கே எல்லோரும் சுகம், தோஹா வெயிலில் நீயும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே மறுத்துப் பேசுவாய், உன் குரலைக் கேட்டால் நானும் இளகிவிடுவேன். பக்கத்து வீட்டு அப்துல் சமத் வெள்ளிக்கிழமை அங்கே வருகிறார், அவர் கையில் இறால் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். அத்தாவுக்கு முட்டி வலி தேவலை. நம் தி.நகர் கடையில் பெருநாள் கூட்டம் ஓய்ந்துவிட்டது, இப்போது லேஸ், பட்டன் கேட்டு டெய்லர்கள்தான் வருகிறார்கள்.

விஷயம் உன் தங்கை சிம்ராவைப் பற்றித்தான். அடையாறு கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போகும்போது, திரு.வி.க. பாலத்தில் பஸ் நின்றுபோய் அவளுக்கு மூச்சு அடைத்து, நெஞ்சு படபடத்து, செத்துவிடுவேன் என்று அலறினாளே, அது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்து ஒன்றுமில்லை என்று அனுப்பியதும் தெரியும். அன்றிலிருந்து நீ விடியலிலேயே தூக்கத்தை விட்டு எழுந்து, அவள் பஸ் ஏறியது முதல் இறங்கும் வரை போனில் பேசிக்கொண்டே வருகிறாய். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. உன் அத்தாவும் தினமும் அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தார். முட்டி வலி எங்கிருந்து வந்தது என்று நினைத்தாய்? நான் ஓதி ஊதின தண்ணீரை பாட்டிலில் ஊற்றி அவள் பையில் வைப்பேன். இத்தனையும் செய்தும் பயம் குறையவில்லை, கூடிக்கொண்டே போய் வேலையையே விட்டுவிடுகிறேன் என்கிற அளவுக்கு வந்தாள். அத்தாவின் அக்கா அஸ்மத்துன்னிசா குப்பி வந்து, இன்னாத்துக்கு டாக்டரு, எவன் கண்ணோ பட்டுக்கீது, ஒரு நிக்காஹ்வை முடிச்சா சரியாப் பூடும் என்றாள். அப்ப மாப்பிள்ளையும் ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்கினு பின்னாடி வரணுமா என்று கேட்டேன், கோபித்துக்கொண்டு டீ குடிக்காமல் போய்விட்டாள்.

ஆழ்வார்பேட்டையில் மனநல டாக்டரம்மா ஒருவரிடம் அழைத்துப் போனோம். இது பதற்ற நோய், நடிப்பும் இல்லை பலவீனமும் இல்லை என்று முதலில் அவர் சொன்னதைக் கேட்டே சிம்ரா அழுதுவிட்டாள். எதிர் வீட்டு பைக், மேலே பூனை குதித்தால்கூடக் கத்துமே, அந்த மாதிரி ஆபத்தே இல்லாதபோதும் மூளை அலாரம் அடிக்கிறதாம். உலகம் முழுக்க இதை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம். ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளில் ஒன்றுக்கு வந்து இன்னொன்றுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன், பிறவி, வளர்ந்த விதம், பட்ட கஷ்டம் எல்லாம் கலந்து வருவது, முழுசாக இன்னும் யாருக்கும் தெரியாது என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னாரே, அதனாலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. ஆனால் ஒன்று நன்றாகத் தெரிந்திருக்கிறதாம். வீட்டார் கூடவே இருந்து பயத்தைத் தணித்துக்கொண்டே இருந்தால், இவர்கள் இருந்ததால்தான் பிழைத்தோம் என்று மனசு கற்றுக்கொள்ளுமாம், பயம் தானாக இறங்கும் என்பதைக் கற்றுக்கொள்ளவே விடாதாம். நான் ஓதுவதைத் தாராளமாக ஓதச் சொன்னார், பாட்டில் இல்லாவிட்டால் போக மாட்டேன் என்கிற நிலைதான் கூடாது என்றார். மாத்திரையும் கொடுத்திருக்கிறார், கூடவே பயத்தை எதிர்கொள்ளும் பயிற்சி. எல்லாம் சிம்ரா ஒத்துக்கொள்ளும் வேகத்தில், ஒவ்வொன்றாக.

முதலில் பாட்டிலை விட்டாள். அப்புறம் அத்தா ஸ்கூட்டர் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார், பார்க்கவே பாவமாக இருந்தது. சாயங்காலம் அவள் வந்து, பாலத்துல பயம் ஏறுச்சும்மா, நான் ஒண்ணும் பண்ணல, அதுவே இறங்கிடுச்சு என்றாள். அன்றைக்கும் போனில் நீ இருந்தாய், மகனே. இனி மிச்சம் நீ மட்டும்தான். உன் பாசத்தைக் குறை சொல்லவில்லை, உன்னைப் போல ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான். நேற்று பூண்டு உரித்துக்கொண்டே அவள்தான் சொன்னாள், திங்கட்கிழமையிலேர்ந்து அண்ணனையும் விடப்போறேன், நான் சொன்னா அது பாவமாப் பேசும், நான் மனசு மாறிடுவேன், நீயே சொல்லிடு, பயத்துல கை தானா அது நம்பரைப் போட்டுட்டாலும் எடுக்க வேணாம்னு சொல்லு என்று. இவ்வளவும் நான் தாங்கிக்கொண்டேன். கடைசியில் ஒன்று சொன்னாள், அதற்குத்தான் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். முதல் நாள் என்னைவிட அண்ணன்தான் ரொம்ப பயந்துக்கும், நான் பஸ்ஸுல போற நேரம் நீ அதுகூடப் பேசிக்கினு இரும்மா என்றாள்.

வேளைக்குச் சாப்பிடு, ஊறுகாயை ஒரே நாளில் காலி பண்ணாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிம்மதியும் தரட்டும், உங்கள் இரண்டு பேர் மனசையும் அவன் பார்த்துக்கொள்ளட்டும். திங்கட்கிழமை காலை போனில் அவள் பெயர் வந்தால் அடிக்க விடு. என் பெயர் வந்தால் எடு.

உன் அம்மா,
ஜைதூன் பீ