வெரிகுட் சொல்லும் பெட்டி

11 ஜூன் 1973, திங்கள்

பள்ளி திறந்தது. எனக்கு இன்னும் ஓராண்டுக்குத் தற்காலிக உத்தரவு. மூன்றாவது தடவை.

கரஸ்பாண்டென்ட் சுயம்புலிங்கம் அண்ணாச்சி தி.நகரில் இருக்கிற தன் ஜவுளிக்கடையிலிருந்து நேராக வந்திருந்தார். "தங்கபுஷ்பம் டீச்சர், இந்த வருசம் பதினொண்ணாங்கிளாஸ் இங்கிலீஷ் ரிசல்ட் மட்டும் ஏறட்டும். ஒங்கள நிரந்தரமாக்குதது எம் பொறுப்பு" என்றார். போன வருடம் பாதிப் பெண்கள் ஆங்கிலத்தில்தான் விழுந்தார்கள்.

நிரந்தரமானால் அக்கா வீட்டிலிருந்து கிளம்பி, மந்தைவெளியிலேயே தனியாக ஒரு போர்ஷன் பார்த்துக்கொள்ளலாம். அக்கா இசக்கியம்மாளிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் இன்றைக்கே போர்ஷன் தேடக் கிளம்பிவிடுவாள்.

14 ஜூன்

பள்ளிக்கு ஒரு டேப் ரெக்கார்டர் வந்திருக்கிறது. அண்ணாச்சியின் தங்கை மகன் ஜவஹர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தான். கூடவே பத்து ஹெட்போன். வீட்டில் தமிழ் தவிர வேறெதுவும் காதில் விழாத பெண்களுக்கு இதன்மூலம் ஆங்கிலம் வந்துவிடுமாம்.

"இது வெறும் டேப் இல்ல மிஸ், ப்ரோகிராம்" என்றான். பாடம் என் குரலில். நான் கேள்வி கேட்க வேண்டும். பெண் பதில் சொல்வதற்குக் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். பிறகு சரியான பதிலைச் சொல்லி, கடைசியில் "வெரிகுட்" என்று முடிக்க வேண்டும். அந்த வெரிகுட்தான் முக்கியமாம். பயம் போகுமாம்.

"தப்பாச் சொன்னா?"

"சரியான பதில் அடுத்து வந்துடுதே மிஸ். அவங்களே திருத்திக்குவாங்க."

இருக்கலாம். தன் தப்பு தன் காதில் விழுந்த மனுஷியை நான் இதுவரை பார்த்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

23 ஜூன், சனி

மேப் ரூமில் ஜன்னலுக்குச் சாக்கு கட்டிவிட்டு முதல் பாடம் பேசினேன். எதிரே யாருமில்லை. சுவரில் மாட்டியிருந்த ஆஸ்திரேலியாவைப் பார்த்து வெரிகுட், வெரிகுட் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பழகிவிட்டது. வகுப்பில் நான் யாரையும் இத்தனை தடவை பாராட்டியதில்லை.

3 ஜூலை

பெண்களுக்குப் பெட்டியைப் போட்டுக் காட்டினோம். "காதில் விழுவதை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள்" என்று சொல்லியிருந்தேன். சொன்னார்கள். பாடத்தின் நடுவே, தெருவில் போன மீன்காரியின் "வஞ்சரம், சங்கரா, மீனேய்" பதிவாகியிருந்தது. சாக்கு கட்டியும் பயனில்லை. பெண்கள் அதையும் ஒரே ராகத்தில் திருப்பிச் சொன்னார்கள். ஜவஹர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

ஒருத்தி மட்டும் சொல்லவில்லை. முத்தம்மா. நொச்சிக்குப்பத்துப் பெண். மீன்காரி அவள் அம்மா தேசம்மா.

அழித்துவிட்டு மறுபடி பேசுவதாகச் சொன்னேன். மணி அடித்ததும் முத்தம்மா மேஜையருகே வந்து நின்றாள். "இன்னாத்துக்கு டீச்சர் அழிக்கிறீங்க? எங்கம்மா சொன்னதுல தப்பு ஒண்ணியும் இல்லியே."

இரண்டு வருடத்தில் அவளாக வந்து என்னிடம் பேசியது இதுதான் முதல் தடவை. அழிக்கவில்லை.

19 ஜூலை

சரித்திர ஆசிரியர் கருணாகரன் சார் டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "உக்காந்திருக்கிற கிளையையே வெட்டுறீங்கம்மா. எல்லாப் பாடத்தையும் பெட்டிக்குள்ள பேசி வெச்சுட்டா, அடுத்த ஜூன்ல சம்பளம் உங்களுக்கா, பெட்டிக்கா?"

"பெட்டிக்குச் சம்பளம் வேண்டாமே சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

எனக்கும் தோன்றாமல் இல்லை. பேசாவிட்டால் ரிசல்ட் ஏறாது. பேசினால் நான் வேண்டாதவளாகலாம். அண்ணாச்சி நம் ஊர்க்காரர், வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆகட்டும்.

21 ஆகஸ்ட்

முத்தம்மா பேசுகிறாள்!

வகுப்பில் வருகைப் பதிவுக்கு மட்டும் வாயைத் திறப்பவள். ஏதாவது சொல்லி நான் "தப்பு" என்றால் அன்று முழுக்க முகத்தைக் காட்ட மாட்டாள். ஹெட்போன் மாட்டிக்கொண்டால் மற்றவர்கள் சிரிப்பது அவளுக்குக் கேட்பதில்லை. தன் சத்தமும் கேட்பதில்லை. மீன் விற்கிற தொண்டையல்லவா, தெருவரைக்கும் போகிறது. என்ன சண்டை என்று வாசலிலிருந்து பியூன் மண்ணாங்கட்டி ஓடிவந்து பார்த்தான்.

சொன்னதில் பாதி தப்பு. ஆனாலும் எனக்குச் சந்தோஷம். கொஞ்சம் பொறாமையும்தான். குரல் ஒன்றுதான், பெட்டிக்குள் இருக்கிற என்னிடம் மட்டும் அவளுக்குப் பயமில்லை.

9 அக்டோபர்

கரண்ட் இல்லை. பழையபடி கரும்பலகையில் பாடம். நேற்று என்ன செய்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டதும், யாரும் கூப்பிடாமலே முத்தம்மா எழுந்தாள். பெட்டியிடம் பேசுகிற அதே சத்தத்தில், "எஸ்டர்டே ஐ கோயிங் பீச்" என்றாள். "தப்பு" என்றேன். வகுப்பு சிரித்தது.

அவள் உட்கார்ந்தாள். கையை நீட்டி, கரண்டே இல்லாத அந்த ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள். மணி அடிக்கும்வரை கழற்றவில்லை.

10 அக்டோபர்

நான் என்ன அவளைக் கடிச்சா வெச்சேன்? தப்பைத் தப்புன்னு சொன்னா குத்தமா? அதுக்குத்தானே என்னை வெச்சிருக்காங்க— எல்லாத்துக்கும் தலையாட்டினா நான் எதுக்கு?

எழுதியபின் கொஞ்சம் ஆறியது. ஒன்று முடிவு செய்தேன். பேசுகிற பெண்ணின் வாயை நான் அடைக்கப்போவதில்லை. பெட்டி பார்த்துக்கொள்ளட்டும்.

18 ஜனவரி 1974

திருத்துவதை விட்டபின் வகுப்பு கலகலவென்று இருக்கிறது. ஹெட்போன் வரிசைகளுக்கு நடுவே நடக்கிறேன். காதில் விழுகிறது, சும்மா இருக்கிறேன். பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

16 பிப்ரவரி, சனி

கடைசிப் பாடத்தையும் பேசி முடித்தேன். ஜவஹர் டேப்புகளை அலமாரியில் வைத்துப் பூட்டினான். சாவி மண்ணாங்கட்டியிடம்.

5 ஜூன்

ரிசல்ட். முக்கால்வாசிப் பேர் பாஸ். பள்ளி வாசலில் அண்ணாச்சி லட்டு கொடுத்தார். ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்த பெண்களை அந்தப் பெட்டி கரையேற்றிவிட்டது. அதை மறுக்க மாட்டேன்.

முத்தம்மா ஆங்கிலத்தில் மட்டும் பெயில். வகுப்பிலேயே அதிகம் பேசியவள் அவள்தான்.

7 ஜூன்

கடைக்குப் போய் அண்ணாச்சியைப் பார்த்தேன். குடிக்கக் கலர் சோடா வாங்கித் தந்தார்.

"ரிசல்ட் ஏறிட்டு டீச்சர், இல்லன்னு சொல்லலே. ஆனா பாருங்க, அதான் மிஷினு படிச்சிக் குடுக்கே. மண்ணாங்கட்டி பட்டனை அமுக்கிருதான். இன்னொரு டீச்சர் எதுக்குன்னு கமிட்டில கேக்காவ."

"அதுல பேசுறது என் குரல் அண்ணாச்சி."

"அதத்தான் நானும் சொல்லுதேன். ஒங்க குரலு நம்மகிட்ட பத்திரமா இருக்கும்."

கிண்டல் இல்லை. மனதாரத்தான் சொன்னார். சேலைப் பிரிவில் பில் எழுத ஆள் வேண்டுமாம், நாளைக்கே வரலாமாம். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன். பஸ்ஸில் அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

9 ஜூன்

சரி என்று சொல்லியனுப்பிவிட்டேன். சும்மா இருந்தால் சோறு போடுவது யார்? அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "கடையில வேல பாக்கவளுக்குச் சேலை வெலையில கழிவு உண்டாட்டி?"

24 ஜூலை

ஆடித் தள்ளுபடிக் கூட்டம். பில் மேஜை முன்னால் பெரிய வரிசை. தலை நிமிர்ந்தால் முத்தம்மா. கையில் சேலை எதுவும் இல்லை.

அக்டோபரில் மறுபடி எழுத வேண்டுமென்பதால் பள்ளிக்குப் போய்ப் பெட்டியைக் கேட்டிருக்கிறாள். மண்ணாங்கட்டி போட்டுவிட்டிருக்கிறான்.

"வேணும்னே தப்பாச் சொன்னேன் டீச்சர். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். எங்க நாய் பேரக்கூடச் சொன்னேன். அதுக்கும் வெரிகுட்டுன்றீங்க."

பில் புத்தகத்தில் அடுத்த தாளைப் புரட்டினேன்.

"பெட்டிக்கு இன்னா தெரியும், அத்த உடுங்க. நீங்க பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தீங்களே டீச்சர். கேட்டுக்கினுதானே இருந்தீங்க?"

பின்னால் நின்ற மயிலாப்பூர் மாமி, "பில் போடப் போறேளா, இல்ல இங்கேயே நிக்கணுமா?" என்றாள்.

"கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்" என்றேன். முத்தம்மாவிடம் சொன்னேன். மாமி தன்னிடம் சொன்னதாக எடுத்துக்கொண்டு முறைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லி முகவரி கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். வருகிறேன் என்று சொல்லவில்லை.

நல்ல பெயர் எடுக்க ஆசைப்பட்டு அந்தப் பெண்ணைக் கவிழ்த்துவிட்டேன். அண்ணாச்சியைக் குறை சொல்ல எனக்கென்ன யோக்கியதை?

28 ஜூலை, ஞாயிறு

வந்தாள். கூடத்தில் பாயை விரித்தேன். முதல் வாக்கியம் சொன்னாள்.

"தப்பு" என்றேன்.

முகம் சிவந்தது. எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். "எப்டித் தப்பு? இன்னா தப்புன்னு சொல்லுங்க" என்று சம்மணத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். சொன்னேன். ஒப்புக்கொள்ளவில்லை. புத்தகத்தைக் காட்டினேன். புத்தகத்தோடும் சண்டை பிடித்தாள். எனக்கும் குரல் உயர்ந்துவிட்டது. மறுபடி சொன்னாள். அதுவும் தப்பு. அதற்கும் ஒரு சண்டை.

அக்கா கரண்டியும் கையுமாக அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னட்டி, ஞாயித்துக்கெழம யாருகூட மல்லுக்கெட்டுத?"

"பாடம் நடத்துதேங்க்கா" என்றேன்.