உளறலுக்கு மொழிபெயர்ப்பு

11 பிப்ரவரி 1969, செவ்வாய்

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர்களின் தொலைக்காட்சியில் சிரிப்பு உளவாளித் தொடர் பார்த்தோம். முகத்தில் பழுப்புச் சாயம் பூசிய வெள்ளைக்கார நடிகன், உலகை அழிக்க வந்த இந்திய ராஜாவாம், வாய்க்கு வந்ததை உளறினான். வீட்டுக்காரி என் மகள் மீனாவிடம், "உங்கள் மொழிதானே? என்ன சொல்கிறான்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மீனா தயங்கவே இல்லை. கம்பளத்துக்கு அடியில் குண்டு இருக்கிறதாம் என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் அசடு வழியச் சிரித்து வைத்தேன்.

பனியில் திரும்பி வரும்போது, "அது எந்த பாஷையும் இல்லையேடி, ஏன் அளந்தே?" என்றேன்.

"தெரியும்ப்பா. போன வாரம் எந்த பாஷையும் இல்லைன்னுதான் சொன்னேன். இந்த நாட்டுக்கு வந்து அதுக்குள்ள சொந்த பாஷையே மறந்துபோச்சான்னு பாவப்பட்டாங்க."

அடுத்த செவ்வாயும் வரச் சொல்லியிருக்கிறார்கள். என்ன சொல்லி மறுப்பது?