வைக்கோல் கொட்டகையில் இருபத்துமூன்று பேர்

ஹாக்பி,
மார்ச் 27, 1851, வியாழன்.

அன்புள்ள தம்பி ஜேபஸுக்கு,

உன் அக்கா ஹெப்சிபா எழுதுவது. நீ ரயில் சுரங்கம் தோண்டுகிற இடத்தில் மண் சரிந்து விழாமல் இருக்கிறது, நீயும் உயிரோடுதான் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஒரு பென்னி கொடுத்தால் கடிதம் மறுநாளே வந்து சேருகிற காலம் இது. அதற்கும் வக்கில்லாமல் போயிற்றா?

உன் மனைவி கெரனும் குழந்தை சில்லாவும் இன்னும் எங்கள் வீட்டு மாடியறையில்தான். சில்லாவுக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. மூக்கு உன்னுடையது, பாவம். தொண்டை என்னுடையது. அதுதான் பயமாக இருக்கிறது. காரியஸ்தர் கட்லாக் தெருவில் குதிரையில் போகும்போதெல்லாம் கெரன் அவள் வாயில் துணியில் சுற்றிய சர்க்கரையை வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாள்.

அவரை உனக்குத் தெரியும். இந்த ஊரில் ஒவ்வொரு வீடும் பெரிய வீட்டுத் துரைக்குச் சொந்தம். குடியிருப்பவன் தன் பெண்டாட்டி பிள்ளைகளைத் தவிர வேறு ஒருவரையும் வைத்துக்கொள்ளக் கூடாது. வந்தவர்கள் வேர்விட்டால், ஏழைகளைப் பராமரிக்கத் துரை கட்டுகிற ஏழை வரி ஏறிவிடுமாம். கெரன் இங்கே இருப்பது தெரிந்தால் எங்களுக்கு வீடும் போகும், உன் அத்தானுக்குக் கோயில்பிள்ளை வேலையும் போகும். புருஷனின் ஊர்தான் பொறுப்பு என்று, அவளையும் குழந்தையையும் நீயும் நானும் பிறந்த ஊரின் ஏழை விடுதிக்கு வண்டி ஏற்றிவிடுவார்கள். அந்த விடுதிக்குள் போன குழந்தைகளில் எத்தனை வெளியே வந்தன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த லட்சணத்தில் ராணியம்மா நாட்டுக் குடிமக்களையெல்லாம் எண்ணப் போகிறாராம். ஞாயிறு இரவு யார் எந்தக் கூரையின் கீழ் படுக்கிறார்களோ, அத்தனை பேரையும் பெயர், வயது, தொழில், பிறந்த ஊரோடு எழுத வேண்டும். ஹாக்பியில் எழுதுகிறவர் யார் தெரியுமா? உன் அத்தான் ஓபெட்தான்! மணியடித்து ஆமென் சொன்ன மனிதர் இப்போது அரசாங்க உத்தியோகஸ்தர். மூன்று நாளாகக் குளிக்காமலே கம்பீரமாக இருக்கிறார். நடப்பதும் கேட்பதும் அவர், புத்தகத்தில் நகல் எழுதுவது நான். என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், ஆனால் அவருடையதைக் கோழிகூடப் படிக்காது.

வேடிக்கைக்குக் குறைவில்லை. தாமஸ் ஃபென் தன் பன்றியையும் சேர்க்கச் சொன்னான். "அதுவும் எங்ககூடத்தானே வீட்டுக்குள்ள படுக்குது? எங்க அண்ணனைவிட சுத்தமா இருக்கும்" என்றானாம். புத்தகத்தின் கடைசிக் கட்டத்தில் குருடா, செவிட்டூமையா என்று கேட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டு உன் அத்தான் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். என் வயதை நாற்பத்திநாலு என்று எழுதச் சொன்னேன். "நாப்பத்தொம்பது. ராணிக்கே பொய் சொல்லுறியா?" என்றார்.

சிக்கல் அங்கேதான். உன் அத்தான் பொய் எழுத மாட்டார். எழுதினால் ஐந்து பவுன் அபராதம் என்பது அப்புறம், சத்தியம் செய்துவிட்டாரே. உண்மையை எழுதினாலோ, புத்தகம் முடிந்ததும் முதலில் தன் மேஜைக்கு வர வேண்டும் என்று கட்லாக் சொல்லிவிட்டார். நேற்று நான் அழுதேன், கத்தினேன். "ஒரு பேரை விட்டா வானம் இடிஞ்சு விழுந்துடுமா?" என்று கேட்டேன். அவர் சாப்பிடாமல் எழுந்து போய்க் கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார்.

நீ உடனே எழுது. அவளைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று எழுது. ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைத்தால் எல்லாருக்கும் நல்லது.

உன் சேமத்துக்காகத் தினமும் முழங்காலிடுகிற (மூட்டு வலிக்கிறது, நீயும் கொஞ்சம் ஒத்தாசை செய்),
அக்கா ஹெப்சிபா.


ஹாக்பி,
ஏப்ரல் 2, புதன்.

ஜேபஸ்,

உன் பதில் வரவில்லை. ஆனால் நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். கடைசி வரை படி, பாதியில் மடித்துச் சட்டைப் பையில் வைக்காதே.

வெள்ளிக்கிழமை அந்தப் புத்தகத்தின் முன்பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சின்னக் கட்டம் கண்ணில் பட்டது. வீட்டில் இல்லாமல் கொட்டகையிலோ கூடாரத்திலோ வெட்டவெளியிலோ அன்றிரவு படுத்தவர்கள்: ஆண் எத்தனை, பெண் எத்தனை. அவ்வளவுதான். பெயர் கேட்கவில்லை, வயது கேட்கவில்லை! உன் அத்தானிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அரை மணி நேரம் பார்த்தார். "படுத்தாத்தான் எழுதுவேன். படுக்காம எழுத மாட்டேன்" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து இதைவிடப் பெரிய சம்மதம் எனக்குக் கல்யாணத்தன்றுகூடக் கிடைக்கவில்லை.

ஊர்க்கோடியில் ராய்ஸின் வைக்கோல் கொட்டகை. ராய்ஸ் கேள்வி கேட்கிற ஆள் இல்லை. ரகசியமாகச் செய்து முடிக்க வேண்டிய காரியம். அதனால் நான் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன், தண்ணீர்க் குழாயடியில், மெர்சி டாக்கிடம். என் நாக்கைப் பற்றி நீ இப்போது நினைப்பது எனக்குத் தெரியும். சனிக்கிழமை முழுவதும் நானும் அதையேதான் நினைத்தேன். தெருவில் எந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாலும் இவளுக்கும் தெரிந்துவிட்டதோ என்று பார்த்தேன். கட்லாக்கின் சமையல்காரிகூடச் சிரித்தாள்.

ஞாயிறு ராத்திரி ஆலங்கட்டியும் மழையுமாக அடித்தது. கெரனைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை, நானும் புறப்பட்டேன். குழந்தையை என் பழைய கம்பளிப் பாவாடைக்குள் சுற்றிக்கொண்டு வேலியோரமாகவே போனோம். கொட்டகைக் கதவைத் தொட்டதும் உள்ளே யாரோ இருமினார்கள். ஆண் குரல். கெரன் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது, இன்னும் தடம் இருக்கிறது. கட்லாக் முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டார், நான் என் தம்பி குடும்பத்தைக் குழாயடியில் விற்றுவிட்டேன் என்றே நினைத்தேன். ஓடலாமா என்று திரும்பினேன். சில்லா அழத் தொடங்கிவிட்டாள்.

"கதவை மூடிட்டு அழ வைங்கடி, குளிர் உள்ள வருது" என்றது ஒரு குரல். மெர்சி!

உள்ளே வைக்கோலில் வரிசையாகத் தலைகள். மெர்சியின் மாமனார், ஃபென்னின் அண்ணன், தச்சன் வீட்டு விதவை மகள், அவள் மூன்று பிள்ளைகள்... எல்லா வீட்டிலும் மாடியறை இருக்கிறது போல. இருபது பேர் எங்களுக்கு முன்னாலேயே இடம் பிடித்திருந்தார்கள்.

"யார்கிட்டயும் சொல்லாதேன்னுதானேடி சொன்னேன்?" என்று கேட்டேன்.

"நானும் அப்படித்தான் சொன்னேன். ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா" என்றாள்.

அப்புறம் யாரோ எல்டர்பெர்ரி ஒயின் கொண்டுவந்திருந்தார்கள். ஃபென்னின் அண்ணன் மேல் வந்த வாடையில் பன்றியின் சுத்தத்தைப் பற்றித் தாமஸ் சொன்னது நியாயம் என்று தெரிந்தது. விடியும்வரை குழந்தையை மடி மாற்றி மடி மாற்றிச் சூடாக வைத்திருந்தார்கள். கெரன் மட்டும் தூங்கவில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்று, செவ்வாய்க்கிழமை, கட்லாக் உன் அத்தானைப் புத்தகத்தோடு கூப்பிட்டார். நானும் போனேன், நகல் எழுதியவள் என்கிற சாக்கில். எங்கள் வீட்டில் அன்றிரவு ஓபெட் ஒருவர்தான் என்று கண்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

"உன் பொண்டாட்டி எங்கடா படுத்தா?"

"கொட்டகையில ஐயா."

"ஏன்?"

"என்கூடச் சண்டை ஐயா."

உண்மைதான். அவர் பொய் சொல்ல நேரக் கூடாதே என்று ஞாயிறு ராத்திரி புறப்படுமுன்பே என் வயதை வைத்து ஒரு சண்டை போட்டு வைத்திருந்தேன். கஷ்டமே இல்லை, பாதியில் நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. கட்லாக் சிரித்துவிட்டார். நான் மூச்சு விட்டேன். அப்புறம் முன்பக்கத்தைப் புரட்டினார். கொட்டகையில்: ஆண் ஒன்பது, பெண் பதினாலு.

"மத்த இருபத்திரண்டு பேருக்கும் அவங்கவங்க வீட்டுல சண்டையா?"

உன் அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பேரைச் சொல்லு."

"புத்தகத்துல பேர் கேக்கல ஐயா."

"நான் கேக்கறேன். உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் பின்னால் நின்று அவர் கோட்டைப் பிடித்து இழுத்தேன். "தெரியும் ஐயா. ஆனா ராணி கேட்டதுக்கு மேல எழுதறதா நான் சத்தியம் பண்ணல" என்றார். இருபத்தாறு வருஷமாக இந்த மனிதரைக் கேலி செய்தே காலம் தள்ளினேன், ஜேபஸ். நேற்று வாய் வரவில்லை.

கட்லாக் புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்தார். கோபப்படவே இல்லை. "சனிக்கிழமை வீடு வீடா வர்றேன். மாடி, கொட்டகை, அடுப்படி எல்லாம் பாப்பேன். முதல் வீடு உன்னோடது" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கெரன் அழவில்லை. குழந்தைத் துணிகளை மடிக்கத் தொடங்கினாள். "மதினி, உங்க வீட்டை நான் பறிக்க மாட்டேன். எனக்குன்னு ஒரு புருஷன் இருக்கான்ல? அவன்கிட்டப் போறேன்" என்றாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்தேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஏன் என்று உனக்கே தெரியும். மெர்சியின் மைத்துனன் போன மாதம் அந்தப் பக்கம் வேலைக்கு வந்தபோது உன் குடிசையில் சாப்பிட்டானாம். ஆட்டிறைச்சிக் குழம்பு பிரமாதம், திரைச்சீலைகூடப் புதிதாக மாட்டியிருக்கிறது என்று சொன்னான். தம்பி, உனக்கு முட்டை வேகவைக்கத் தெரியாது. திரை தைக்கவும் தெரியாது. இந்தச் செய்தியை நான் கெரனிடம் சொல்லவில்லை, மெர்சியையும் சொல்லவிடவில்லை. வாழ்நாளில் நான் விழுங்கிய ஒரே செய்தி இதுதான். நெஞ்சிலேயே நிற்கிறது.

நாளைக் காலையில் சந்தை வண்டியில் கெரன் புறப்படுகிறாள். வழியில் ஓர் இரவு தங்கி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் குடிசைக்கு வந்து சேருவாள். இந்தக் கடிதம் வியாழக்கிழமையே உன் கைக்கு வந்துவிடும். நடுவில் ஒரு நாள் இருக்கிறது. ஒரு குடிசையை ஒழித்துப் பெருக்கி, அடுப்பு மூட்டி, முகத்தைக் கழுவிக்கொள்ள ஒரு நாள் தாராளமாகப் போதும். அங்கே இருக்கிறவளும் யார் வீட்டுப் பிள்ளையோ, அவளை மழையில் அனுப்பாதே. வண்டிக்குக் கொடுத்து அனுப்பு.

குழந்தைக்குக் கொட்டகையில் பிடித்த சளி இன்னும் விடவில்லை. மார்பில் வாத்துக் கொழுப்பு தடவி அனுப்புகிறேன்.

நான் உன்னைத் திட்டவில்லை. ஆண்டவர் உன்னைக் காப்பாராக. வெள்ளிக்கிழமை கதவு தட்டும் சத்தம் கேட்டால், வேறு யாரையும் அனுப்பாமல் நீயே எழுந்து போய்த் திற.

உன் அக்கா,
ஹெப்சிபா.