2207-இல் பட்டை உண்டா?

ஜூன் 9, திங்கள்
எர்ணாகுளத்தில், வானியல் ஆய்வை நடத்தும் விஸ்வேஸ்வரன் சார் கூட்டம் போட்டார். ஐயாயிரம் கேலக்ஸிகள். ஒவ்வொன்றின் படத்தையும் கண்ணால் பார்த்து, சுருளின் நடுவே நேராக ஓர் ஒளிப்பட்டை ஓடுகிறதா இல்லையா என்று குறிக்க வேண்டும். அட்டவணை வெளியாகும்போது குறித்தவர்களின் பெயர் முகப்பில் வரும். பதினாறு வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியும் என் பெயர் எதன் முகப்பிலும் வந்ததில்லை. இதில் வந்தே ஆக வேண்டும்.

என்னோடு சேர்ந்து குறிக்கப்போவது யார்? வீரலட்சுமி. தற்காலிக உதவியாளர். அம்மா மார்க்கெட்டில் தக்காளி விற்கிறாள். மகள் பிரபஞ்சத்தை ரகம் பிரிக்கப் போகிறாள். பேஷ்.

ஜூன் 14
மட்டாஞ்சேரியில் விடாத மழை. வீட்டிலேயே உட்கார்ந்து நூற்றுப் பத்துப் படங்கள் முடித்தேன். அவள் ஒரே நாளில் நானூறாம்! பார்க்கிறாளா, தட்டிக்கொண்டே போகிறாளா?

ஜூன் 17
படம் 2207. நடுவில் பட்டை, பளிச்சென்று. அவள் ‘இல்லை’ என்று போட்டிருக்கிறாள். போனில் கேட்டேன்.

“பாத்தேன் சார். தூசிக் கோடு மாதிரிதான் இருக்கு. பட்டைன்னு போட மனசு வரல.”

மனசாம். முப்பது கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருப்பதற்கு இவள் மனசு வர வேண்டுமாம்.

ஜூன் 18
சாருக்குக் கடிதம் அனுப்பினேன். “சில படங்களைத் திருப்பி, வேறு எண் கொடுத்து, நடுவே கலந்துவிடுங்கள். ஒரே கேலக்ஸிக்கு இரண்டு விதமாகச் சொல்கிறவர் யாரானாலும் விலக்கிவிட வேண்டும். ஆடுகிற தராசு நமக்கெதற்கு?”

‘யாரானாலும்’ என்பதற்கு அடிக்கோடு. யாரென்று எனக்குத் தெரியாதா?

ஜூன் 20
சார் சம்மதித்துவிட்டார். “நன்னாயிருக்கு ஹரி. நூறு படம் கலந்து விடறேன். பத்துக்கு மேல மாறித்துன்னா ஆள் வெளியிலாக்கும்.”

பத்தா? அவளுக்கு ஒரு வாரத்துக்குக் காணாது.

ஜூலை 5
படம் 3811. பட்டை கிடையாது, வெறும் தூசி. குறிப்பில் “குருடனுக்கும் தெரியும்” என்றே எழுதினேன். வாராந்திரக் கூட்டத்தில் ஒப்பிட்டால், அவளும் ‘இல்லை’ என்றுதான் போட்டிருக்கிறாள். என்னோடு பழகிக் கொஞ்சம் தேறிவிட்டாள் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 4
முடிவு வந்தது. நூறில் வீரலட்சுமி மாற்றிச் சொன்னது நான்கு. நான் — இருபத்தொன்பது.

தப்பாக இருக்கும். யார் போட்ட கணக்கு இது?

பட்டியலின் முதல் வரி: 3811 என்பது 2207-ஐத் தலைகீழாகத் திருப்பியது.

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பையே கவிழ்த்துவைத்துப் பார்த்தேன். கமலாக்ஷி சாயாவோடு வந்து நின்றாள். “கம்ப்யூட்டரைத் தலைகீழா வெச்சுண்டு என்ன தேடறேள்?” பெண்டாட்டியிடம் என்னவென்று சொல்ல?

இப்படிப் பார்த்தால் பட்டை இருக்கிறது. அப்படிப் பார்த்தால் இல்லை. என்ன எழவு கண்ணுடா இது! வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 5
பத்து என்பது ரொம்பக் கடுமை என்று சாருக்கு எழுதினேன். பதிலாக என் ஜூன் மாதக் கடிதத்தையே திருப்பி அனுப்பியிருக்கிறார். அடிக்கோடு அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 7
வீரலட்சுமி போன் செய்தாள். “ஐயாயிரம் படமும் பாத்திருக்கீங்க சார். உங்க பேரை எடுக்க வேண்டாம்னு விஸ்வேஸ்வரன் சார்ட்ட சொல்லிப் பாத்தேன். கேக்க மாட்டேங்காரு.”

இவள் எனக்குப் பரிந்து பேசுகிறாள்! வெடுக்கென்று வைத்துவிட்டேன்.

ஒரு வார்த்தை நன்றி சொல்லியிருக்கலாம். மனசு வரவில்லை.

நவம்பர் 12
அட்டவணை வெளியாகிவிட்டது. முகப்பில் இரண்டே பெயர்கள்: விஸ்வேஸ்வரன், வீரலட்சுமி. 2207-க்கு நேரே ‘பட்டை இல்லை’. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: “திருப்பிப் பார்க்கும் சோதனையைச் சொல்லித் தந்த ஹரிநாராயணன் அவர்களுக்கு நன்றி.” வீரலட்சுமி எழுதிச் சேர்த்தது என்றார் சார்.

மார்க்கெட்டில் அவள் அம்மா கடை எது என்று விசாரித்துக்கொண்டு போனேன். நான் யாரென்று சொல்லவில்லை. ஒரு கிலோ தக்காளி கேட்டேன். அந்த அம்மாள் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துத்தான் தட்டில் போட்டார்.