மூணு போத்தல் தண்ணி

செவ்வாய்க்கிழமை, ராத்திரி இஷா தொழுத பிறகு.

இன்றைக்கு உப்பளத்துக்கு ஒரு சுகாதார மிஸ் வந்தா. உப்பு வாருற பொம்புளைகளான எங்களைக் கொட்டிலுக்குக் கூப்பிட்டு ஆளுக்கொரு தண்ணிப் போத்தல் தந்தா. இந்த வெயிலுக்கு ஒரு நாளைக்கு இதால மூணு போத்தலாவது குடிக்கணுமாம், இல்லாட்டி கிட்னி பழுதாகுமாம். பக்கத்தில நின்ற கங்காணி எல்லாத்துக்கும் தலையாட்டினான்.

"வேலை முடியிற வரைக்கும் நாங்க ஒரு சொட்டும் குடிக்கிற இல்ல மிஸ்," என்றாள் என்னோட வாருற ரிஸானா.

"ஏன்?"

ரிஸானா கங்காணியைப் பார்த்துட்டுப் போத்தல் மூடியைத் திருகினாள். ஆம்புளைக்கு முன்னால எப்படிச் சொல்றது? உப்புப் பாத்திகளைச் சுற்றி மறைவா ஒதுங்க ஒரு பற்றைகூட இல்ல. கங்காணி கணக்கெழுதுற கந்தோருக்குப் பின்னால இருக்கிற ஒரே கக்கூஸ் எப்பவும் பூட்டித்தான் கிடக்கும். இன்றைக்கு மிஸ்ஸுக்காகக் கழுவி, சவர்க்காரமும் வச்சுத் திறந்திருந்தாங்க. அங்க போய்ட்டு வந்த மிஸ், "நல்ல துப்புரவா வச்சிருக்கீங்க," என்று கங்காணியைப் புகழ்ந்தா.

இனித் திறந்துதான் இருக்கும் என்று நம்பி நான் முழுப் போத்தலையும் குடிச்சன். மிஸ் வந்த வேன் றோட்டுக்கு ஏறினதும் ஓடிப் போய்ப் பார்த்தன். பூட்டு. கங்காணிட்டத் திறப்பைக் கேட்டன்.

"அது வாறவங்களுக்கு," என்றான் பல்லைக் குத்திக்கொண்டு.

சீ! பின்னேரம் அசர் பாங்கு சொல்ற வரைக்கும் அடக்கிக்கொண்டு உப்பு வாரினன். இப்பவும் அடிவயிறு வலிக்குது. இப்படி நாள் முழுக்கத் தண்ணி குடிக்காமக் கிடக்கிறதுக்கு நோன்பு பிடிச்சாலாவது நன்மை கிடைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் போத்தலை நடுவால வெட்டிக் கோழிக்குத் தண்ணி வச்சன். அதுகள் குடிக்கட்டும். அதுகளுக்கு யாருட்டயும் திறப்புக் கேக்கத் தேவையில்ல.