பிக்கப்பில் ஓடும் பலகை

அன்புள்ள அம்மாவுக்கு,

இடுப்பு வலி கொஞ்சமாவது தணிந்ததா? நான் கட்டாரில் சுகமாக இருக்கிறேன்.

பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, மச்சான் கெவினின் பிக்கப்பில் உங்களைத் தூக்கி ஏற்றியபோது, "ஐயோ, மெதுவாப் புடிங்கப்பா" என்று நீங்கள் அலறியது போனில் எனக்குக் கேட்டது.

அதனால் இங்கே கராஜில் நிற்கும் ஒரு பிக்கப்பின் பின்தட்டில் ஓடும் பலகை ஒன்று செய்தேன். அடியில் உருளும் சின்னச் சில்லுகள் உண்டு. வெளியே இழுத்துப் படுக்க வைத்து, அப்படியே உள்ளே தள்ளலாம். நானே படுத்துப் பார்த்தேன், உடம்பு குலுங்கவில்லை. விரல் லேசாக நசுங்கியது, பயப்படாதீர்கள்.

"யாருக்குடா இது?" என்று கூட்டாளி கேட்டான். போனில் உங்கள் முகத்தைக் காட்டினேன்.

பலகையின் படத்தை அளவோடு அனுப்பியிருக்கிறேன், கெவின் அங்கே செய்துவிடுவான். பலகையில் என் பழைய போர்வையை விரிக்கச் சொல்லுங்கள். உங்கள் தலைமாட்டைப் பிடிக்கத்தான் நான் அங்கே இல்லை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள் அம்மா.

மகன்,
இருதயநாதன்